குதிரைப் படம் போடுங்க, கூடவே கடிவாளமும் போடுங்க

உக்காருங்க தம்பி. ஜப்பான் செஸ்ஸு ஷோகி இருக்கே, அதோட காயை வெள்ளைக்காரனுக்குத் தோதா மாத்தப் போறீங்களாமே? நல்ல எண்ணம். காய் மேல இருக்கிற ஜப்பான் எழுத்தைப் பாத்தாலே அவனுக்குக் காய்ச்சல் வருதாம். பக்கத்துக்கு 20 காய் நின்னாலும், வகைன்னு பாத்தா மொத்தம் 8. பள்ளிக்கூடத்துல 26 எழுத்தை முழுங்கினவன் 8 எழுத்துக்கு மலைக்கிறான். சரி, புண்ணியமாப் போகட்டும்.

முதல் வேலையா, செஸ் மாதிரி ஒரு பக்கம் வெள்ளை, மறுபக்கம் கறுப்புன்னு பெயிண்ட் அடிச்சிருங்க. அடிச்ச கையோட ஒரு ஆட்டம் ஆடிப் பாருங்க. ஷோகியில வெட்டுப்பட்ட காய் சாகாது. வெட்டினவன் கைக்குப் போயி, அவன் நினைச்சப்போ காலிக் கட்டத்துல அவன் ஆளாவே இறங்கும். தேர்தல் முடிஞ்ச மறுநாளே துண்டை மாத்திப் போடுற நம்ம ஆளுங்க தோத்தாங்க போங்க! அப்படித் தாவுறவன் முதுகுல நீங்க கட்சிக் கலரைப் பச்சை குத்திட்டா, பாவம், எப்படிப் பொழைப்பான்? ஜப்பான்காரன் கெட்டிக்காரன். 40 காயும் ஒரே நிறம், ஒரு பக்கம் கூர். கூரு உங்களைப் பாத்து நீட்டினா எதிராளி, அவனைப் பாத்து நீட்டினா நம்மாளு. திருப்பி வச்சா கட்சி மாறியாச்சு.

அடுத்தது படம். குதிரை வரைஞ்சு குடுங்க, ஆளு குளுந்து போயிருவான். அந்தக் குளிர்ச்சியில நாலு பக்கமும் தாவ விடுவான். ஷோகிக் குதிரைக்கு முன்னால ரெண்டே கட்டம்தான், பின்னால வரவே தெரியாது. அதையும் நீங்கதான் ஓடி ஓடிச் சொல்லணும். தங்கத் தளபதி, வெள்ளித் தளபதிக்கு என்ன வரைவீங்க? மீசை வச்ச ரெண்டு பேரையா? எது தங்கம்னு உரசிப் பாக்க ஆசாரியையும் கூட்டி வாங்க.

அம்புக்குறி போடலாம்னா, அது மட்டும் உருப்படியான யோசனை. ஆனா உங்களுக்கு முன்னாடியே செஞ்சாச்சு. கூமோன் கம்பெனி விக்கிற பயிற்சிக் காய் மேலயே எந்தத் திசைக்கு நகரும்னு குறி இருக்கு. 2008ல கிதாவோ மடோகாங்கிற தொழில்முறை ஆட்டக்காரம்மா 12 கட்டத்துல குட்டி ஷோகியே பண்ணிட்டாங்க. சிங்கம், யானை, ஒட்டகச்சிவிங்கி, கோழிக்குஞ்சு. போற திசைக்கெல்லாம் புள்ளி. குஞ்சு எதிர்க்கோடியில போய்ச் சேந்தா கோழி ஆயிரும். அது குழந்தைகளுக்குப் பண்ணினது. உங்க வெள்ளைக்காரனுக்கு வயசு என்ன?

இந்தக் கிழவனைக் கேட்டா, தங்கம் நடக்கிற 6 கட்டத்தை மட்டும் முதல்ல சொல்லிக்குடுங்க. எதிராளியோட கடைசி 3 வரிசைக்குள்ள போயி, பதவி உயர்ந்து மறுபக்கம் புரண்டா, வெள்ளி, குதிரை, ஈட்டி, சிப்பாய் நாலும் தங்கத்தோட நடையைத்தான் நடக்கும். ஒண்ணைப் படிச்சா நாலு இனாம். அதுக்கப்புறம் எழுத்துக் காயையே கையில குடுங்க.

முடியாதும்பீங்க. போலந்துல பொறந்த கரோலினா ஸ்டிச்சின்ஸ்கா 2017ல ஜப்பான்லயே தொழில்முறைப் பெண் ஆட்டக்காரர் ஆனாங்க. அதே எழுத்துக் காயை நகர்த்தித்தான் ஆனாங்க, தம்பி.