சரக்கு ரயில் எப்போது வரும்?

கேள்வி: பயணிகள் ரயில் எங்கே வருகிறது என்று கைபேசியே சொல்கிறது. சரக்கு ரயிலின் நேரம் மட்டும் ஏன் தெரிவதில்லை?
– ஏலக்காய் விவசாயி, சாந்தன்பாறை

பதில்: பெரும்பாலான சரக்கு ரயில்களுக்கு நேரமே கிடையாது! நிலக்கரி ஏறி முடிந்தால் கிளம்பும். பின்னால் எக்ஸ்பிரஸ் வந்தால் ஒதுங்கி நிற்கும்.

ஆனால் வண்டி எங்கே நிற்கிறது என்பது ரயில்வேக்குத் தெரியும். ‘கிரிஸ்’ நிறுவனத்தின் ‘ஃபாய்ஸ்’ கணினி அமைப்பு வேகன்களைப் பின்தொடர்கிறது. சரக்கு அனுப்பியவர் தனக்குத் தரப்பட்ட எண்ணை வைத்துத் தேடலாம். ரயில்வே கேட்டில் காத்து நிற்பவருக்கு அந்த வழி இல்லை.

அட்டவணை போட முடியாததல்ல. 2020 ஊரடங்கில் பார்சல் ரயில்கள் நேரம் அறிவித்தே ஓடின. அதே ஆண்டு ஆகஸ்ட் 7 அன்று தேவ்லாலியிலிருந்து தானாப்பூருக்கு, விளைபொருள் ஏற்றும் முதல் கிசான் ரயில் புறப்பட்டது. நேரம் தெரிந்தால்தானே விவசாயி லாரி பேச முடியும்?

சாந்தன்பாறை இருக்கும் இடுக்கி மாவட்டத்தில் இன்று தண்டவாளமே இல்லை. மூணாறிலிருந்து டாப் ஸ்டேஷனுக்குத் தேயிலை சுமந்த குட்டி ரயிலை 1924 வெள்ளம் கொண்டுபோனது. சாந்தன்பாறைக்காரர்கள் பூப்பாறை வழியாகப் போடிக்கு இறங்க வேண்டும். அகலப்பாதைப் பணிக்காக நின்ற பயணிகள் ரயில், 2023 ஜூனில் அங்கே திரும்பிவிட்டது. ஏலக்காய்க்கும் நேரம் குறித்த பார்சல் பெட்டி வேண்டுமென்று விவசாயிகளும் வியாபாரிகளும் சேர்ந்து ரயில்வேயின் மதுரைக் கோட்டத்தைக் கேட்கலாம், கேட்கவே வேண்டும்.