கடலில் என்ன களையெடுப்பு?

வேளாண்மை படித்த சைலேந்திரபாபுவுக்கு ராமேசுவரம் கடலில் என்ன வேலை?
– வாசகர், பரமக்குடி

வேறென்ன, களையெடுப்புதான்! குழித்துறைக்காரர், 1987-ஆம் ஆண்டு ஐ.பி.எஸ். கடலோரப் பாதுகாப்புக் குழுமத்துக்குக் கூடுதல் டி.ஜி.பி.யாக இருந்தார். வரப்பே இல்லாத வயல் அது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னார் சுமார் 30 கி.மீ.தான். மீன் பிடிக்கிற படகு எது, பீடி இலை கடத்துகிற படகு எது என்று பார்த்ததும் சொல்லிவிட முடியுமா? (எனக்குக் கப்பலுக்கும் படகுக்கும் வித்தியாசம் தெரிந்தாலே பெரிசு.) கரையில் வலை உலர்த்தும் மீனவர் வாய் திறந்தால்தான் துப்பு.

2021 முதல் 2023 வரை சட்டம் ஒழுங்கு டி.ஜி.பி.யாக இருந்தபோதும் மனிதர் சைக்கிளை விடவில்லை. தொப்பை வைத்த போலீஸ்காரர்களுக்கு அந்த மணிச்சத்தமே மெமோ!