பூசணிக்கு இரண்டு வேலை

அக்டோபர் வந்தால் கள்ளக்குறிச்சி மாவட்டத்து ஆங்கிலவழி நர்சரிகள் சிலவற்றில் பூசணிக்காய்க்குக் கண், மூக்கு வரைகிறார்கள். உணவுப் பெயர்களைப் பண்டிகையோடு சேர்த்துச் சொன்னால் பிள்ளைகளுக்கு மறக்காது என்பது கணக்கு. கணக்கு சரிதான், பண்டிகைதான் யாருடையது என்று பிடிபடவில்லை. இணையத்திலிருந்து இறக்கிய தாளில் ஹாலோவீன் பூசணி இளிக்கிறது. பெரும்பாலும் அதே மாதம், ஆயுத பூஜைக்குக் குங்குமம் தடவி உடைத்த பூசணி கடைவீதியில் பைக்குகளைச் சறுக்கிவிடக் காத்துக் கிடக்கிறது. அதற்கு வண்ண அட்டை கிடையாது.

நவம்பரில் அமெரிக்க நன்றி நாளின் வான்கோழி. டிசம்பரில் சிவப்பு வெள்ளைக் கோடு போட்ட, முனை வளைந்த மிட்டாய்க் குச்சி. பிள்ளைகள் நாக்கைத் துருத்திக்கொண்டு காகிதத்தில் வெட்டி ஒட்டுகிறார்கள். கள்ளக்குறிச்சியோ மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் கூட்டுறவு சர்க்கரை ஆலைகள் உள்ள மாவட்டம். கரும்பு டிராக்டர் பின்னால் ஓடி ஒரு கழியை உருவிக் கடிக்கிற வாய்க்குக் காகித மிட்டாய்!

இதே மாவட்டத்துக் கல்வராயன் மலையில் சாமை, மரவள்ளி, பலா எல்லாம் உண்டு. ஆனாலும் 'ஏ'க்கு ஆப்பிள் அங்கேயும் மூச்சு வாங்காமல் ஏறிவிட்டது.

அரசுப் பள்ளிப் பக்கம் பார்த்தால், 2022இல் தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டம் தொடக்க வகுப்புகளில் ஆங்கிலத்தையும் பாட்டும் விளையாட்டுமாகச் சொல்லித்தரச் சொல்கிறது. அதே ஆண்டு வந்த முதலமைச்சரின் காலை உணவுத் திட்டத்தில் உப்புமா, கிச்சடி என்று பாடப்பொருள் தட்டிலேயே ஆவி பறக்க வருகிறது. புதன்கிழமை பொங்கல்; பண்டிகையும் கூடவே வந்தாயிற்று. கலர் பிரின்ட் செலவு ஆசிரியருக்கு மிச்சம்.