பலசாலிக்கும் ஊசியா?

கேள்வி: என் 2 வயது மகன் திடகாத்திரமானவன். அவனுக்குத் தட்டம்மைத் தடுப்பூசி எதற்கு?

பதில்: அவனது தேகபலம் நீடூழி வாழ்க, ஆனால் நோயாளி இருமிவிட்டுப் போன அறையின் காற்றிலே இரண்டு மணி நேரம் வரை தங்கியிருக்கக்கூடிய அக்கிருமி, அவன் வழியாக, முதல் ஊசிக்குரிய 9 மாதம் நிறையாமல் பக்கத்து வீட்டுத் தூளியில் உறங்கும் சிசுவையும், ரத்தப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருப்பதால் இவ்வூசியைப் போட்டுக்கொள்ளக் கூடாத எதிர்வீட்டுச் சிறுமியையும் சென்றடையுமே, அவர்களுக்கு யார் துணை? நூற்றில் 95 பேராவது இரு தவணையும் போட்டுக்கொண்டால்தான் இந்நோய் பரவ வழியின்றி அடங்கும் என்பது வைத்திய சாஸ்திரத்தின் கணக்கு. எஞ்சிய 5 இடங்களும் இத்தகைய பலவீனர்களுக்கென்றே ஒதுக்கப்பட்ட ஆசனங்கள். அவற்றில் பயில்வான்கள் அமரலாகாது! ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே போடுகிறார்கள். இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள்.