முன்னுதாரணம் உண்டா?

புது தில்லி ராமகிருஷ்ணபுரத்து மலை மந்திரின் படிகளை, முழங்கால் வலியை முருகநாமத்தால் சமாதானம் செய்துகொண்டு செவ்வாய்க்கிழமை தவறாமல் ஏறுகிற முதியவர்களுள், மத்திய சர்க்காரில் அண்டர் செக்ரட்டரியாக இருந்து ஓய்வு பெற்ற ஒருவராவது இருந்தே தீருவார். எண்பதைத் தாண்டிய அவரைத் தலைநகரத்துத் தமிழர்கள் அனைவரும், வயது வித்தியாசமின்றி, 'மாமா' என்றே அழைக்கிறார்கள்.

காலைக் காப்பியோடு பத்திரிகை வந்ததும், மாமா அதை நாலாக மடித்து, சிவப்புப் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு, முப்பத்தைந்து வருஷம் கோப்புப் பார்த்த அதே சிரத்தையோடு பார்வையிடத் தொடங்குவார். மந்திரிசபைச் செய்திகளின் ஓரத்தில் 'பேசவும்' என்றும், மதச் சண்டைகளுக்கு எதிரே 'மீண்டும் சமர்ப்பிக்கவும்' என்றும், புதிய திட்டம் எதுவானாலும் அதன் தலையில் 'முன்னுதாரணம் உண்டா?' என்றும் எழுதிக் கீழே சுருக்கொப்பமும் இடுவார். இக்குறிப்புகள் எந்த மேலிடத்துக்குப் போகின்றன என்று கேட்கிறீர்களா? மத்தியானம் அந்தத் தாளை விரித்துத்தான் மாமி கீரை ஆய்கிறாள்.

தேசத்தில் இப்போது நடப்பது மாமாவுக்கு உகந்த ராஜ்யம் என்றுதான் எல்லோரும் நினைக்கிறார்கள். மாமாவின் சங்கடமே அதுதான். 1947 ஆகஸ்டில் திருவாவடுதுறை ஆதீனத்தார் நேருவிடம் அளித்து, பிறகு அலகாபாத் அருங்காட்சியகத்தில் நெடுங்காலம் அஞ்ஞாதவாசம் செய்த செங்கோல், 2023 மே 28 அன்று ஆதீனகர்த்தர்கள் சூழப் புதிய நாடாளுமன்றத்தில் நிறுவப்பட்டபோது, பட்டை பட்டையாக விபூதியிட்டுத் தொலைக்காட்சியின் முன் அமர்ந்திருந்த மாமா கண் கலங்கியது உண்மை. கண்ணைத் துடைத்துக்கொண்ட மறுகணமே என் பக்கம் திரும்பி, "செங்கோல் சரி ஓய், கட்டடம் எதற்கு? பழையது 1927-லே திறந்தது, நூறு வருஷம்கூட ஆகவில்லை. தஞ்சாவூரிலே ஆயிரம் வருஷத்துக் கோயில் நிற்கிறதே, இடம் போதவில்லை என்று பெருவுடையாரை யாராவது பக்கத்து மனைக்குக் குடி மாற்றினார்களா?" என்று கேட்டார். என்னிடம் பதில் இல்லை.

அயோத்தியிலும் இதே கதைதான். 2024 ஜனவரி 22 அன்று பிரதிஷ்டை நடந்தபோது வீட்டு வாசலில் அகல் விளக்கேற்றியவரும் மாமாதான். கட்டி முடியாத கோயிலில் பிரதிஷ்டை சாஸ்திர சம்மதமல்ல என்று ஜோதிர்மடத்து அவிமுக்தேசுவரானந்தர் ஆட்சேபித்ததைச் சிவப்புப் பென்சிலால் இருமுறை கோடிட்டவரும் அவர்தான். "ராமனே பதினாலு வருஷம் காத்திருந்தான். இவர்களுக்குச் சிகரம் எழும்புகிற வரையில் பொறுக்கவில்லை, தேர்தல் வந்துவிடுகிறதே!" என்றார். இதையே அடுத்த வீட்டு வங்காளிப் பேராசிரியர் சொல்லியிருந்தால், இராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும் வரையில் கோயிலுக்காக வாதாடியிருப்பார் என்பது வேறு விஷயம். அவ்வாண்டு ஜூனில், அயோத்தியை உள்ளடக்கிய பைசாபாத் தொகுதியை ஆளும் கட்சி இழந்த செய்திக்கு எதிரே அவர் எழுதியது ஒரே சொல்: 'கண்டேன்.'

தமிழ்நாட்டுச் செய்திகள் மாமாவுக்குப் பாயசம். பகுத்தறிவுப் பாசறையில் வளர்ந்தவர்களின் அரசாங்கம் 2024 ஆகஸ்டில் பழனியில் முத்தமிழ் முருகன் மாநாடு நடத்த, அதற்கு எதிர்ப்பாட்டுப் போல் 2025 ஜூனில் இந்து முன்னணியினர் மதுரையில் முருக பக்தர்கள் மாநாடு கூட்ட, அவ்விரண்டு செய்தித் துணுக்குகளையும் கத்தரித்து ஒரே குண்டூசியில் கோத்து வைத்திருக்கிறார். "வள்ளிக்கும் தெய்வானைக்கும் நடுவிலே அகப்பட்டபோதுகூட அவன் இப்படித் திண்டாடியிருக்க மாட்டான், ஓய்!" என்பது அவர் தீர்ப்பு.

மாமாவின் கட்சிதான் எது? 1959-இல் ராஜாஜி தொடங்கி, 1967-இல் மக்களவையில் நாற்பத்து நான்கு இடங்களைப் பெற்று, 1974-இல் வேறொரு கட்சியோடு கலந்து மறைந்துபோன சுதந்திராக் கட்சிதான். அதிலும் அவர் உறுப்பினராக இருந்ததில்லை, சர்க்கார் நடத்தை விதிகள் அனுமதிக்கவில்லை. பகலெல்லாம் உத்யோக் பவனில் அமர்ந்து தொழில் லைசென்ஸ் விண்ணப்பங்களுக்கு ஆட்சேபங்கள் எழுதியவர், மாலையில் வீடு திரும்பிச் சாய்வு நாற்காலியில் 'ஸ்வராஜ்யா' இதழை விரித்து, லைசென்ஸ்-பர்மிட் ராஜ்யத்தை ராஜாஜி சாடுவதைப் படித்து ஆனந்தித்திருக்கிறார். இவ்விரண்டுக்கும் உள்ள முரண்பாட்டை நான் ஒருமுறை ஜாடையாகக் குறிப்பிட்டபோது, "ராஜாஜி கொள்கையைச் சொன்னார், நான் விதியைப் பார்த்தேன்" என்று கோப்பை மூடிவிட்டார்.

மாற்றுவோரை அவருக்குப் பிடிக்காது. பழமையை மீட்கப்போவதாகச் சொல்லிக்கொண்டு அவர்களைவிட வேகமாக மாற்றுவோரையோ, அறவே பிடிக்காது. 2022 செப்டம்பரில் ராஜபாதை 'கர்த்தவ்ய பாதை'யாயிற்று. மாமா இன்றளவும் ஆட்டோக்காரரிடம் ராஜபாதை என்றே சொல்லுகிறார், இத்தனைக்கும் அதுவே கிங்ஸ்வேக்கு இடப்பட்ட மறுபெயர்தான். அவரைப் பழமைவாதி என்று ஏளனம் செய்ய எனக்கு மனம் வரவில்லை. எந்தக் கொடி பறந்தாலும் சிவப்புப் பென்சிலைக் கீழே வைக்காத மனிதர்கள் தில்லியில் குறைந்துகொண்டு வருகிறார்கள்.

மலை மந்திருக்கு வருகிறவர்கள் அவரைத் தாராளமாகப் பேச்சுக்கு இழுக்கலாம். ராஜாஜியைப் பற்றி மட்டும் குறைவாக ஒரு வார்த்தை சொல்லிவிடாதீர்கள்; அன்று அர்த்தஜாம பூஜை முடிந்துதான் வீடு திரும்புவீர்கள்.