தகரம் வெட்டறதுக்கு முன்னால

ஏன் மாப்ளே, ஈஜிஆர் வால்வைத் தகரம் வெச்சு அடைச்சு உட்றலாம்னு எவனோ சொன்னானாமே? நல்ல ரோசனைதான். அடைச்சுப் பாரு. உன்றது பிஎஸ் 6 வண்டி. 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்ததுகளுக்கு அறிவு சாஸ்தி. வால்வைத் திறக்கச் சொல்லியும் பொகை வல்லையேன்னு கம்ப்யூட்டர் மோப்பம் புடிச்சுரும். வார்னிங் லைட்டைப் போட்டு, இழுவையைக் கொறைச்சு, தொப்பூர் ஏத்தத்துல உன்னை நிக்க வெக்கும். குரங்குக கேபினுக்குள்ள எட்டிப் பாத்து நலம் விசாரிக்கும்.

எரிஞ்ச பொகையில கொஞ்சத்தை ஆற வெச்சு, மறுக்கா என்ஜினுக்கே ஊட்டறதுதான் அந்த வால்வோட சோலி. பொகையில ஆக்சிஜன் கம்மி. அதனால எரியறப்போ சூடு அடங்குது, நைட்ரஜன் ஆக்சைடு கொறையுது. ஊராரு நெஞ்சுக்கு நல்லது. உனக்கென்ன, நீ முன்னால போறவன். பொகை பின்னால வர்றவனுக்குத்தானே?

அந்த வால்வுல கரி ஏன் அடையுதுங்கறயா? அதுக்கு நீயேதான் மெனக்கெட்டிருக்கறே. லோடு எறக்கற எடத்துல ஏசியைப் போட்டுக்கிட்டு, என்ஜினை ஐடில்ல உட்டுட்டு, மணிக்கணக்கா போன்ல படம் பாக்கறே. சரியாச் சூடேறாத என்ஜின் கரியைத்தான் கக்கும். கிராங்க்கேஸ்ல இருந்து வர்ற எண்ணெய் ஆவி அதோட சேந்துச்சுன்னா, கரும்பாலைக் கொப்பரையில அடிப்புடிச்ச பாகாட்ட அப்பிக்கும். ஏர் பில்டரை மாத்தாம தட்டித் தட்டியே ஓட்டறயே, அந்தக் கைங்கரியம் தனி.

கரி அப்பி வால்வு திறந்தபடி சிக்குனா கரும்பொகை, இழுவை இருக்காது, டீசலைக் குடிக்கும். மூடுனபடி சிக்குனா, தகரம் அடைச்ச கதைதான், மொதல்ல லைட்டு எரியும். அதைத்தான் சாமி ஸ்டிக்கர் ஒட்டி மறைச்சுப்போட்டயே!

சரி, கழட்டறயா? சூட்டோடயே கை வெய்யி. கட்டுப் போட்ட கையோட ஒரு வாரம் மாமியா ஊட்டு விருந்து. வேண்டாம்னா ஆற உடு. சாவியை ஆஃப் பண்ணுனதும் பேட்டரியைப் புடுங்காதே. யூரியா லைனைப் பம்ப் காலி பண்ற வரைக்கும் சித்தெ பொறு. கழட்டுன வால்வை மோட்டார் மேல வர்ற மாதிரிப் புடிச்சு, கரி இருக்கற பக்கம் மட்டும் கிளீனரை அடி. மோட்டாருக்குள்ள எறங்குச்சுன்னா புது வால்வு வாங்கற பாக்கியம் கெடைக்கும். ஊறுனதும் பழைய டூத் பிரஷ்ஷுல தேய். ஸ்க்ரூட்ரைவர்ல சொரண்டாதே, வால்வு உக்கார்ற எடத்துல கீறல் உழுந்தா, மூடியும் மூடாத கதைதான். பலத்தைக் காட்டித் தண்டைத் திருகவும் வேண்டாம். பலதுல உள்ள இருக்கற பல்சக்கரம் பிளாஸ்டிக்.

கேஸ்கெட் புதுசு போடு. கண்ணாடியில தொங்கற குஞ்சத்துக்குக் கணக்குப் பாக்காதவன், இதுக்கு மட்டும் சிலிக்கான் பசையைத் தடவறான்! மாட்டுனப்புறம் ஸ்கேனரைப் போட்டு எரரை அழிச்சு, வால்வு எங்க மூடுது, எங்க திறக்குதுன்னு கம்ப்யூட்டருக்குச் சொல்லிக் குடுக்கோணும். அது பட்டறைக்காரன் சோலி, உன்ற சோலி இல்லை.

இத்தனைக்கும் அப்புறம், வெளிய ஒரு சொட்டுக் கசிவில்லாம கூலன்ட் கொறைஞ்சுக்கிட்டே வந்தா, பொகையை ஆத்தற ஈஜிஆர் கூலர்ல ஓட்டையான்னு பாக்கச் சொல்லு. தண்ணி ஊத்தி ஊத்தி ஓட்டிக்கலாம்னு மட்டும் நெனைக்காதே. அது சிலிண்டருக்குள்ள எறங்குனா, நாமக்கல்லுல என்ஜின் வேலை பாக்கறவன் ஊட்டுக்கு ஒரு மாடி ஏறும்.