சாட்சிக்கு ஒரு கண்

பத்தாம் வகுப்பு மகளுக்கென்று வாங்கிய நுண்ணோக்கி, பார்சல் வந்த அன்று மாலையே அப்பாவுடையதாகிவிட்டது. மகள் சண்டைக்கு வரவில்லை. பள்ளி ஆய்வகத்தில் வெங்காயத் தோலைப் பார்த்துப் பார்த்து அவளுக்கு அலுத்துப்போயிருந்தது.

பெட்டியின் மேல் '1200 மடங்கு' என்று கொட்டை எழுத்தில் போட்டிருந்தது. கணக்கு என்னவோ எளிதுதான். கண்ணருகு லென்ஸின் எண்ணைப் பொருளருகு லென்ஸின் எண்ணால் பெருக்க வேண்டும். 10, 40 என்றால் 400. எண்ணெய்த் துளி விட்டுப் பார்க்கும் பெரிய லென்ஸ் இல்லாத கருவியில் அதற்கு மேல் பெட்டி சொல்வதெல்லாம் கல்யாணத் தரகர் சொல்லும் மாப்பிள்ளை சம்பளம். உருவம் ஊதும், புதிதாக ஒன்றும் தெரியாது.

ஜன்னலோர மேஜையில் கருவியை வைத்து, வானத்து வெளிச்சம் விழுமாறு அடியிலிருந்த கண்ணாடியைத் திருப்பினார். (வானம்தான், சூரியனை நோக்கித் திருப்பினால் கண்ணுக்கே ஆபத்து.) குனிந்தார். கறுப்பாக, வளைந்து, தடியாக ஒன்று! ஸ்லைடை நகர்த்தினாலும் அது நகரவில்லை. அவர் சிமிட்டினால் மட்டும் துடித்தது.

"அது உங்க இமைமுடிப்பா. கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைங்க."

இரண்டாவது கண்டுபிடிப்பு, கறுப்புக் கரை போட்ட அழகான வட்டங்கள். எல்லாம் காற்றுக் குமிழி. கவர் ஸ்லிப்பைத் தோசைக்கல் மூடி மாதிரி மேலிருந்து பொத்தென்று போட்டால் இப்படித்தான் ஆகும். ஒரு விளிம்பை நீரில் தொட்டு, சாய்த்து, மெதுவாக இறக்க வேண்டும். மூன்றாவதாக அவர் கண்டது ஒரு விரிசல். 40 மடங்கு லென்ஸுக்கும் ஸ்லைடுக்கும் நடுவே ஒரு மில்லிமீட்டர்கூட இடைவெளி இருக்காது. அங்கே போய்ப் பெரிய திருகைத் திருகினார். 'கிர்ரக்' என்றது. பக்கவாட்டில் பார்த்தபடி லென்ஸை இறக்கி, பிறகு கண்ணை வைத்துக்கொண்டே மேலே ஏற்ற வேண்டும் என்று கையேட்டில் இருந்தது. கையேடு பெட்டிக்குள் இருந்தது.

மிக்ஸி ஓடினால் 400 மடங்கில் பூகம்பமே வரும். தேங்காய்ச் சட்னி அரைக்கும் நேரம் ஆராய்ச்சிக்கு விடுமுறை.

அவருக்குத் தெம்பு கொடுத்தவர் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி ஆண்டனி வான் லீவன்ஹூக். அவர் தன் கையாலேயே செய்த ஒற்றை லென்ஸ்களில் இன்று மிஞ்சியிருப்பவற்றுள் சிறந்தது சுமார் 270 மடங்குதான் பெருக்கும். பெட்டியும் இல்லை, கொட்டை எழுத்தும் இல்லை. அதை வைத்துக்கொண்டு நீர்த்துளிக்குள் உயிர்கள் நீந்துவதைப் பார்த்து, 1676இல் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதினார். அவர்கள் லேசில் நம்பவில்லை. பாதிரியார்கள் உட்பட உள்ளூர்ப் பெரிய மனிதர்களை அழைத்துக் காட்டி, 'நாங்களும் பார்த்தோம்' என்று எழுதி வாங்கி அனுப்ப வேண்டியிருந்தது. 1677 நவம்பரில் ராபர்ட் ஹூக் சங்கத்தார் முன் செய்து காட்டிய பிறகே வழக்கு முடிந்தது.

அப்பாவும் ஊறுகாய் பாட்டிலோடு கோயில் குளத்துக்குப் போனார். படிக்கட்டுப் பாசியையும் கொஞ்சம் சுரண்டிப் போட்டுக்கொண்டார். தெளிந்த நீரைவிட அங்கேதான் குடித்தனம் அதிகம். முதலில் 4 மடங்கு லென்ஸ், பிறகு 10. இரண்டாம் நாள் மாலை, செருப்பு வடிவத்தில் ஒன்று உருண்டுகொண்டே போனது. பாரமீசியம்! கால் மில்லிமீட்டர் உடம்பு, அரசியல் ஊர்வலத்து வேகம் இல்லை, ஆம்புலன்ஸ் வேகம். வலப்பக்கம் ஓடுகிறதே என்று ஸ்லைடை இடப்பக்கம் தள்ளினார்; இன்னும் வேகமாக ஓடி மறைந்தது. லென்ஸுக்குள் உலகமே இடவலம் மாறி, தலைகீழாக நிற்கும். இரண்டு பஞ்சு இழையைத் துளியில் போட்டு வேலி கட்டியபிறகுதான் ஒன்று சிக்கியது.

சாட்சி வேண்டுமே. பாதிரியாருக்கு எங்கே போவது? சமையலறையைப் பார்த்துக் கூவினார். சட்னியைப் பாதியில் விட்டு, முந்தானையில் கை துடைத்தபடி மனைவி வந்தார். குனிந்து நெடுநேரம் பார்த்தார்.

"ஏங்க, கறுப்பா, வளைஞ்சு, தடியா ஒண்ணு தெரியுது. இதுதான் நீங்க சொன்ன செருப்பா?"

மகள் புத்தகத்திலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

"கண்ணைக் கொஞ்சம் தள்ளி வைம்மா."